'செட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் காணும் முறை

மேலூர்ப் பக்கத்துக் கிணற்றடியில் பம்பு செட், கல்யாண வீட்டில் வாடிப்பட்டி மேள செட், ஓட்டலில் ஒரு செட் பூரி, ஒத்துவராத சம்பந்தத்துக்குச் 'செட் ஆகாது' என்று மதுரை வட்டாரத்தில் ஆங்கிலம் படிக்காதவர்களும் புழங்கும் சொல் இது. நன்கு தெரிந்த சொல் என்ற துணிச்சலே, ஆங்கிலப் பத்தியைப் படிக்கும்போது நம்மைத் தடுமாற வைக்கிறது. 1989இல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பிலேயே மிக நீளமான பதிவு இச்சொல்லுக்குத்தான் என்பதால், பொருள்களை மனப்பாடம் செய்ய முயல்வது வீண்வேலை.

முதலில் அது பெயரா, வினையா என்று பாருங்கள். பெயரென்றால் தொகுதி, டென்னிஸ் ஆட்டத்தின் ஒரு பகுதி, படப்பிடிப்பு அரங்கு, ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் வரும் கணம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று பெரும்பாலும் பொருந்திவிடும். வினையென்றால் காலத்தையும் கவனிக்க வேண்டும். நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் வடிவம் ஒன்றே என்பதால், 'ஹி செட் தி அலாரம்' என்ற தொடரில் 'செட்ஸ்' என்று வராததைக் கொண்டே, அவர் அலாரம் வைத்தார் என்று இறந்தகாலத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்து, எது அல்லது எதை என்று கேளுங்கள். சூரியன் என்றால் மறைகிறது, சிமெண்டு என்றால் இறுகுகிறது, தயிர் என்றால் உறைகிறது. விலையை என்றால் நிர்ணயிக்கிறார்கள், முறிந்த எலும்பை என்றால் பொருத்துகிறார்கள். தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனி வினை இருப்பதால், அகராதியைப் புரட்டுமுன் நம் வாயில் இயல்பாக வருவதை எழுதிப் பார்ப்பதே நல்லது.

பின்னால் ஒட்டிவரும் சிறு சொல்லில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 'செட் அப்' நிறுவுதல், 'செட் அவுட்' புறப்படுதல் என்பவற்றில் பெரிய சிக்கல் இல்லை. 'செட் ஆஃப்' புறப்படுதலையும் குறிக்கும், வெடியை வெடிக்கச் செய்வதையும் குறிக்கும். 'செட் அசைடு' இன்னும் பொல்லாதது. வீட்டுச் செலவுக்குப் பணத்தைச் 'செட் அசைடு' செய்தால் ஒதுக்கி வைக்கிறோம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கீழமை நீதிமன்றத் தீர்ப்பைச் 'செட் அசைடு' செய்தது என்று நாளிதழில் வந்தால், அத்தீர்ப்பு ரத்தாகிவிட்டது என்று பொருள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக எடுத்துவைத்ததாக அதைப் படித்தால், வழக்கில் வென்றவரே தோற்றவராகிவிடுவார்.