மாடல் படகில் ஷாஃப்ட் வழி கசிவு: நான் சரிசெய்த விதம்

மோட்டாரிலிருந்து புரொப்பல்லருக்குப் போகும் கம்பியான ஷாஃப்டைச் சுற்றி, கசிவை அடைக்க சிலிக்கோன் பசை பூசியது வீண். சுழலும் கம்பியில் அது எப்படி நிற்கும்? 4 மி.மீ. ஷாஃப்டுக்கு 6 மி.மீ. உள்விட்டப் பித்தளைக் குழாய், இரு முனையிலும் வெண்கல புஷ் (ஷாஃப்டைத் தாங்கும் வளையம்) போட்டேன். குழாயின் நடுவில் கிரீஸ் ஏற்ற ஒரு சிறு குழாயை முதலிலேயே ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். குழாயைப் படகில் ஒட்டிய பிறகு சூடாக்கினால் எபாக்சி பசை விட்டுவிடும். ஒட்டுமிடத்தை 120 நம்பர் உப்புத்தாளால் தேய்க்காவிட்டால் வழவழப்பான பித்தளையில் எபாக்சி பிடிக்காது. அது இறுகும்வரை ஷாஃப்ட் மோட்டாருடன் இணைந்தே இருக்கட்டும். கோணம் பிசகினால் புஷ் ஒருபக்கமாகத் தேய்ந்து மறுபடி ஒழுகும். குழாயின் உள்முனை (படகுக்குள் இருப்பது) நீர்மட்டத்துக்கு மேலே இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. கிரீஸை சிரிஞ்சால், முனைகளில் பிதுங்கும்வரை ஏற்றினேன். ரொம்பக் கெட்டியானது வேண்டாம், சின்ன மோட்டார் திணறும்.