புது டாட்டூ ஆறும்வரை எப்படிப் பார்த்துக்கொள்வது

புதிதாகக் குத்திய டாட்டூ முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு புண்தான், அதை அப்படியே நடத்துங்கள். ஊசி மேல்தோலைத் தாண்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் மையை இறக்கியிருக்கிறது, அந்த வழியெல்லாம் இன்னும் திறந்தே கிடக்கிறது. நம் ஊர் வெயிலிலும் வியர்வையிலும் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும்.

ஆர்ட்டிஸ்ட் சுற்றிவிட்டது சாதாரண பிளாஸ்டிக் ஃபிலிம் என்றால் சில மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், உள்ளே வியர்வை தேங்கினால் கிருமிக்குக் கொண்டாட்டம். தோலோடு ஒட்டும் மெல்லிய ஃபிலிம் போட்டிருந்தால் அவர் சொன்ன நாள்வரை விடலாம். ஆனால் ஓரம் பிரிந்தாலோ நீர் வழிந்தாலோ சுற்றிலும் தடித்துச் சிவந்தாலோ காத்திருக்க வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து மெதுவாக உரித்துவிடுங்கள். உள்ளே மை கலந்த தண்ணீர் போலத் தேங்கியிருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், முதல் ஓரிரு நாள் அப்படித்தான் கசியும்.

அப்புறம் கழுவுவது. முதலில் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிறகு வாசனை இல்லாத மிதமான சோப்பை விரல் நுனியால் மட்டும் தடவி, ஓடும் தண்ணீரில் அலசுங்கள். நார், ஸ்பாஞ்ச் எதுவும் வேண்டாம். பாத்ரூமில் நாள்கணக்காகத் தொங்கும் துண்டால் துடைக்காமல் டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுங்கள். தினமும் இரண்டு முறை போதும், நன்றாக வியர்த்த நாளில் இன்னொரு முறை. நன்கு உலர்ந்த பிறகு, வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசரை மிக மெல்லியதாகத் தடவுங்கள். பளபளவென்று மின்னினால் அதிகம் என்று அர்த்தம், ஒற்றி எடுத்துவிடுங்கள். தடிமனாக அப்பினால் பொருக்கு ஊறிப்போய் மையோடு பிய்ந்து வரும்.

வீட்டில் பெரியவர்கள் அக்கறையோடு மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் எடுத்துக்கொண்டு வருவார்கள். அன்பாக மறுத்துவிடுங்கள். சமையலறை மஞ்சள் தூள் கிருமி நீக்கப்பட்டது இல்லை, திறந்த புண்ணில் அதைப் போடக் கூடாது.

நான்கைந்து நாளில் தோல் உரியத் தொடங்கும், கூடவே அரிப்பும் வரும். இந்தக் கட்டத்தில்தான் நல்ல டாட்டூக்கள் கெட்டுப்போகின்றன. சொறியாதீர்கள், பொருக்கைப் பிய்க்காதீர்கள், தானாக விழும். அரிப்பு தாங்கவில்லையென்றால் சுத்தமான கையால் மேலே லேசாக அழுத்துங்கள். உரிந்த பிறகு நிறம் மங்கி, மேலே பால் படர்ந்த மாதிரி தெரியும். புதுத்தோல் முதிர முதிரத் தெளியும், அதற்குள் டச்-அப் கேட்டுப் போக வேண்டாம்.

மேல்தோல் முழுதாக மூடும்வரை நீச்சல் குளம், கடல், ஆறு, கிணறு எதிலும் இறங்கக் கூடாது. குளிக்கலாம், ஊறக் கூடாது. ஜிம்முக்கும் சில நாள் லீவு விடுங்கள். இறுக்கமான ஜீன்ஸ், பை வார் உரசுகிற இடமென்றால் தளர்வான பருத்தித் துணி போடுங்கள். தூக்கத்தில் படுக்கை விரிப்பு ஒட்டிக்கொண்டால் வெடுக்கென்று இழுக்காமல் தண்ணீர் விட்டு நனைத்து எடுங்கள். வெயிலில் போனால் துணியால் மறையுங்கள். ஆறாத தோலில் சன்ஸ்கிரீன் போடக் கூடாது, ஆறிய பிறகு எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ளதைத் தவறாமல் போடுங்கள். வெயில்தான் மையை மங்கச் செய்யும்.

முதல் சில நாள் சிவப்பும் லேசான வீக்கமும் இயல்புதான், நாளுக்கு நாள் குறைய வேண்டும். அதற்குப் பதிலாகச் சிவப்பு பரவினாலோ, வலி கூடினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, அந்த இடத்திலிருந்து சிவப்புக் கோடு மேலே ஏறினாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ஆர்ட்டிஸ்டுக்கு போட்டோ அனுப்பிக் கேட்டுக்கொண்டிருக்க இது நேரமில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் சின்ன மாற்றத்தைக்கூட அலட்சியம் செய்யாதீர்கள். வாரங்கள் கழித்துக் குறிப்பிட்ட ஒரு நிறம் மட்டும், பெரும்பாலும் சிவப்பு, தடித்து அரித்தால் அது மைக்கு வரும் அலர்ஜியாக இருக்கலாம், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வழக்கமாக ரத்த தானம் செய்பவர் என்றால், இந்தியாவில் டாட்டூ குத்திய பிறகு 12 மாதம் காத்திருக்க வேண்டும், முகாமில் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.