சைக்கிள் டைனமோ தெரிந்தவர்களுக்குக் கிற்றார் பிக்கப்: வீட்டில் சுற்றும் முறை

போர் நடந்த தொண்ணூறுகளில் இலங்கையின் வன்னியில் இருந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வந்த கரண்டில் மற்றவர்கள் வானொலிச் செய்தி கேட்டோம். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் தேய்ந்துவிடும். அந்த டைனமோவுக்குள் இருந்தவை ஒரு காந்தமும் ஒரு கம்பிச் சுருளும், அதாவது கொயிலும். எலெக்ட்ரிக் கிற்றாரில் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கி அம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பிக்கப்புக்குள்ளும் அவைதான் இருக்கின்றன. டைனமோவில் காந்தம் சுழலும். பிக்கப்பில் காந்தமும் சுருளும் அசையாமல் கிடக்க, மேலே உருக்குத் தந்தி அதிரும். அந்த அதிர்வில் காந்தப்புலம் ஆட, சுருளில் மின்சாரம் பிறக்கும். நைலோன் தந்தி போட்ட கிற்றாருக்கு இது வேலை செய்யாது. ஒருவர் கொண்டுவந்துவிட்டதால் முதலே சொல்லிவைக்கிறேன்.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு தேவாலயப் பாடகர் குழுவின் கிற்றாரில் நடுப் பிக்கப் செத்துப்போனபோதுதான் நான் இதில் கை வைத்தேன். கோயிலுக்குக் கொயில் சுற்றுகிறேன் என்று வீட்டில் பகிடி. அது மூன்று சிங்கிள் கொயில் பிக்கப் கொண்ட, 1954இல் ஃபெண்டர் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரியிலான கிற்றார். பழகுவதற்கு அந்த வகையே நல்லது. இரட்டைச் சுருள் ஹம்பக்கரைப் பிறகு பார்க்கலாம்.

வாங்க வேண்டியவை

மேல் கீழ் இரண்டு ஃபைபர் தகடுகள், 4.8 மி.மீ. விட்டமுள்ள அல்னிக்கோ 5 என்ற உலோகக் கலவையில் செய்த ஆறு காந்தக் குச்சிகள், எனாமல் பூசிய செப்புக் கம்பி. தகடும் காந்தமும் ஒன்றாக இணையத்தில் கிடைக்கும். வாங்க முன் உங்கள் கிற்றாரில் முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். ஸ்ட்ராட் வகையில் குச்சிகளின் நடுவுக்கு நடு வழக்கமாக 52 மி.மீ.

கம்பியில்தான் ஏமாறுவீர்கள். பிக்கப்புக்கு வேண்டியது அமெரிக்க அளவில் 42ஆம் நம்பர், அதாவது 0.063 மி.மீ., தலைமயிர் அளவு. நம்மூர் மோட்டர் சுற்றும் கடைகளில் பிரித்தானிய அளவுதான் பேச்சு. அதில் 42 என்றால் 0.1 மி.மீ. அதைச் சுற்றினால் பாதிச் சுற்றிலேயே, தகடும் குச்சியும் சேர்ந்த கூடு நிரம்பிவிடும். நம்பரை விடுங்கள், மில்லிமீற்றரில் கேளுங்கள். பிரித்தானிய அளவில் கிட்டத்தட்ட 46 வரும்.

கூடு

குச்சிகளைத் தகட்டுத் துளைகளில் இறுக்கிச் செருகுங்கள். இரு தகடுகளுக்கும் நடுவில் நிற்கும் ஆறு குச்சிகளையும் சுற்றி மெல்லிய டேப் ஒரு சுற்று ஒட்டுங்கள். எனாமல் உரசுண்டு கம்பி உலோகத்தில் பட்டால் எல்லாம் வீண். பிறகு தகடுகளின் உள்விளிம்பை நகம் தேய்க்கும் அரத்தால் தடவி வழுவழுப்பாக்குங்கள். நான் இதைச் செய்யாமல் விட்டு, ஆறாயிரம் சுற்றில் கம்பி அறுந்து, கத்தியால் வெட்டி எறிந்தேன்.

காந்தம் ஏற்றப்படாமல் குச்சிகள் வந்திருந்தால், இரண்டு வலுவான நியோடிமியம் காந்தங்களுக்கு நடுவே கூட்டை இழுத்தெடுத்தால் ஏறிவிடும். ஆறும் ஒரே துருவமாக நிற்க வேண்டும்.

சுற்றுதல்

மறுபடி பெடல்தான். வீட்டில் கால் தையல் மெசின் இருந்தால் அதைவிட நல்ல கருவி இல்லை, இரண்டு கையும் கம்பிக்கு மிஞ்சும். பொபின் சுற்றும்போது செய்வதுபோல, கைச்சில்லின் நடுத் திருகைத் தளர்த்தினால் ஊசி நின்றுவிடும், சில்லு மட்டும் சுழலும். சில்லின் மேல் வட்டப் பலகை ஒன்றைப் பொருத்தி, அதன் சரியான நடுவில் இரட்டைப்பக்க டேப்பால் கூட்டை ஒட்டுங்கள்.

எண்ணுவதற்குப் பழைய கால்குலேட்டர் போதும். அதன் சமன் பொத்தானின் இரு முனைகளில் இருந்து வயர் எடுத்து காந்தம் கிட்ட வந்தால் இணையும் ஒரு ரீட் சுவிச்சில் இணைத்து, அதைப் பலகைக்குப் பக்கத்தில் வையுங்கள். பலகை ஓரத்தில் சிறு காந்தம் ஒட்டுங்கள். ஒன்று கூட்டல் ஒன்று என்று அழுத்திவிட்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று கூடும். வேகமாக மிதித்தால் எண்ணிக்கை தவறும். நிமிடத்துக்கு 400 சுற்று போதும்.

கம்பிச் சுருளை நிலத்தில் நிமிர்த்தி வையுங்கள். அது உருளக் கூடாது, கம்பி மேலால் கழன்று வரட்டும். தொடக்க நுனியைத் தகட்டுக் கண்ணில் ஈயம் வைத்து ஒட்டிவிட்டு, துணிக் கையுறை போட்ட விரல்களுக்கிடையே கம்பியை விட்டு இடம் வலமாக மெல்ல நகர்த்துங்கள். எனாமலைச் சுரண்டாமல் ஈயம் பிடிக்காவிட்டால், மிக மெல்லிய உப்புத்தாளால் ஒரு தடவல். மின்விசிறியை நிறுத்துங்கள். சித்திரை வெயிலில் அது தண்டனைதான், ஆனால் காற்றில் கம்பி ஆடினால் முறுகும்.

சுமார் 8,000 சுற்று. அதாவது ஏ9 வீதியில் ஒரு கிலோமீற்றர் கல்லில் இருந்து அடுத்ததைத் தாண்டிப்போகும் நீளம். நிறை 30 கிராம்தான். கடைசி நுனியையும் மற்றக் கண்ணில் ஒட்டியபின், மல்ரிமீற்றரில் 6 கிலோ ஓம் அளவில் காட்ட வேண்டும். மத்தியானத்தில் அளந்து 6.2 காட்டினால் பதறாதீர்கள். 10 பாகை சூடு ஏற, செப்பின் தடை 4 வீதம் ஏறும். ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. முதலில் இரு நுனி ஒட்டுகளையும் பாருங்கள்.

மெழுகு

சுருளுக்குள் கம்பி தளர்ந்து அதிர்ந்தால் அம்ப்ளிஃபயரில் கீச்சிடும். அதற்கு மெழுகு. நாலு பங்கு பரஃபின் மெழுகுக்கு ஒரு பங்கு தேன்மெழுகு. கடைத் தேன்மெழுகு வேண்டாம், முல்லைத்தீவுக் காட்டுத் தேன் எடுப்பவரிடம் அடை கேட்டு வாங்கி உருக்கி வடித்தேன்; பட்டறை இரண்டு நாள் மணத்தது. மெழுகுச் சட்டியை வெந்நீருக்குள் வைத்து 65 பாகையில் பிடியுங்கள். நேரே நெருப்பில் வைத்தால் பற்றும். பிக்கப்பை அமிழ்த்தி, குமிழ் வருவது நிற்கும்வரை விடுங்கள்; கால் மணித்தியாலம் ஆகலாம்.

பொருத்துதல்

நடுப் பிக்கப் என்றால் ஒரு வித்தை. புதியதின் முகத்தைப் பக்கத்துப் பிக்கப்பின் முகத்தோடு சேர்த்துப் பிடியுங்கள். இழுத்தால் எதிர்த் துருவம், அதுதான் வேண்டும். தள்ளினால் குச்சிகளுக்கு மாற்றிக் காந்தம் ஏற்றுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். சத்தம் தகரம்போல் மெலிந்தால் இரு வயரையும் இடம் மாற்றி ஒட்டுங்கள். சரிவந்ததும், சேர்த்து வாசிக்கும்போது 50 ஹேர்ட்ஸ் மின்சார இரைச்சல் ஒன்றையொன்று வெட்டி அடங்கும்.

உயரம்: கழுத்தின் கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு, தந்திக்கும் குச்சிக்கும் இடையே தடித்த பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. இடைவெளி விடுங்கள். பாடகர் குழுத் தம்பி சத்தம் கூடட்டும் என்று திருகி ஏற்றிவிட்டு, சுருதி நெளிகிறது, பிக்கப் பிழை என்று கொண்டுவந்தான். காந்தம் தந்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. மூன்று சுற்று இறக்கிக் கொடுத்தேன்.