நூலக வகுப்பை மாணவரின் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்

சேலத்தில் கல்லூரி நூலகம் பார்க்கிறவள் நான். முதலாண்டு மாணவர்களை வரிசையாக நிற்க வைத்து, இது 500, இது 800 என்று நூலின் பொருளைக் குறிக்கும் எண்களைச் சொல்லி அலமாரியைக் காட்டினால் யாருக்கும் மனதில் நிற்காது. அதனால் வகுப்புக்கு இரண்டு நாள் முன்பே ஒரு கூகுள் படிவம் அனுப்பிவிடுங்கள். கேள்வி இரண்டே போதும்: உங்கள் வீட்டுத் தொழில் என்ன, எதைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை?

பதில்களைப் பார்த்தால் அவரவருக்கான தேடல் கிடைத்துவிடும். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு 633.73, மாந்தோப்பு வீட்டுப் பிள்ளைக்கு 634.44, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை செய்கிற வீட்டிலிருந்து வருபவருக்கு 739.23. இவை டியூயி எண்கள், அதாவது நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்க நூலகங்கள் பயன்படுத்தும் எண்கள். ஆனால் எண்ணை நீங்களே சொல்லிவிடாதீர்கள். கியூஆர் குறியை அட்டையில் அச்சிட்டுக் கொடுங்கள், அதை ஸ்கேன் செய்தால் நூலகத்தின் கணினிப் பட்டியல் திறக்கட்டும், மாணவரே சொல்லை மாற்றி மாற்றித் தேடி, எண்ணைக் குறித்து, அலமாரிக்கு நடந்து போய் புத்தகத்தை எடுக்கட்டும். தேடும்போது தடுமாறுவதும் பாடம்தான், உடனே போய் உதவ வேண்டாம்.

எல்லாரிடமும் போன் இருக்காது, மலைக் கிராமங்களில் சிக்னலும் அப்படித்தான். இருவருக்கு ஒரு போன் போதும், படிவத்தைத் தாளிலும் கொடுங்கள். அப்புறம், கிடைத்த புத்தகத்தைப் பற்றி ஒரு நிமிடக் குரல் பதிவை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லுங்கள், கூச்சப்படுகிற பிள்ளைகள்கூட அதில் பேசுகிறார்கள்.