அரியலூர், பெரம்பலூர் பக்கம் புதைபடிவம் கண்டால் செய்யக்கூடாதவை

2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் தோண்டியபோது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. புவியியலாளர்கள் பார்த்துவிட்டு, இவை அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட, இப்போது அழிந்துபோன கடலுயிர்) காலத்துக் கடல்படிவுகள் என்றார்கள். கடலடிச் சேற்றில் ஓர் உயிர் புதைந்து அழுகும்போது அதைச் சுற்றியுள்ள நீரின் வேதித்தன்மை மாறும். நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பு அந்த இடத்தில் படிந்து, சுற்றிலும் உள்ள சேற்றையும் சேர்த்துப் பிணைத்து உருண்டையாக்கிவிடும்.

வடிவத்தை மட்டும் பார்த்து முடிவுகட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. உண்மையான முட்டைக்கு ஓடு இருக்கும். அந்த ஓட்டை நுண்ணோக்கியில் பார்த்தால் காற்று போய்வந்த துளைகள் தெரியும். நுண்ணோக்கி இல்லாதவரும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: அந்தக் கல் எந்த அடுக்கில் கிடந்தது? 14.5 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கிரெட்டேசியஸ் காலத்தில் இந்த நிலப்பகுதிக்குள் கடல் பலமுறை வந்து பின்வாங்கியது. டைனோசர் கடலுக்கடியில் முட்டையிடாது. சுற்றிலும் கடற்சிப்பிகள் உள்ள அடுக்கு என்றால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். பலகைக்கல்லில் பெரணி இலைபோலக் கருப்பாகப் படர்ந்திருப்பதும் பெரும்பாலும் இலை அல்ல. கல்லின் வெடிப்பில் கசிந்த நீர் விட்டுச்சென்ற மாங்கனீசுக் கறை அது.

கிடைத்த இடத்திலேயே அந்த உயிர் வாழ்ந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான கல்மரங்கள் கிடக்கின்றன. அங்கே காடு நின்றது என்றே பார்ப்பவர்கள் நினைப்பார்கள். ஆனால் மரங்கள் படுத்துக் கிடக்கின்றன. கிளை இல்லை, வேர் இல்லை, பட்டையும் இல்லை. வேறெங்கோ வளர்ந்தவற்றை வெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்திருக்கிறது. பிறகு நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா (மணலின் முக்கியப் பொருள்) மரத்தின் செல்களுக்குள் படிந்து, அவற்றின் அமைப்பு குலையாமலே கல்லாக்கியது. பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீள அடிமரம் இன்னும் வியப்பானது. நிலத்தில் வளர்ந்த அந்த மரம் புதைந்து கிடந்தது கடல்படிவில்.

இவற்றுக்குக் கார்பன் சோதனை செய்தார்களா என்று கேட்பவர்கள் உண்டு. கீழடி செய்திகளால் அந்தப் பெயர் பழகிவிட்டது. அந்தச் சோதனையில் அளக்கும் கதிரியக்கக் கார்பனான கார்பன் 14 ஏறத்தாழ 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், 50,000 ஆண்டுகளைத் தாண்டினால் அளக்க ஒன்றும் மிஞ்சாது. கோடி ஆண்டுக் கணக்குக்கு எரிமலைச் சாம்பல் அடுக்குகளும், குறுகிய காலமே வாழ்ந்து மறைந்த அம்மோனைட் இனங்களுமே துணை. ஓர் இனம் கிடைத்தாலே அந்த அடுக்கு எந்தக் காலத்தது என்று நிபுணர்கள் சொல்லிவிடுவார்கள்.

அம்மோனைட்டைப் பலர் நத்தை என்றே நினைக்கிறார்கள். அதன் உறவு கணவாயோடும் ஆக்டோபஸோடும். நத்தை ஓட்டின் உள்ளே தடுப்பு கிடையாது. அம்மோனைட் ஓடு அறை அறையாகப் பிரிந்திருக்கும், கடைசி அறையில்தான் உயிர் குடியிருக்கும். அந்த உடல் மென்மையானதால் அநேகமாக எங்கும் மிஞ்சவில்லை. ஓடு, எலும்பு, பல் போன்ற கெட்டியானவையும், அழுகுமுன் சேறு மூடியவையுமே பெரும்பாலும் நமக்குக் கிடைக்கின்றன. ஆகவே ஓர் அடுக்கில் சிப்பி மட்டும் கிடைத்ததால் சிப்பி மட்டுமே வாழ்ந்தது என்று சொல்ல முடியாது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, கண்டதும் பெயர்த்து எடுத்துப்போகும் பழக்கம். அடுக்கைவிட்டுப் பிரிந்த புதைபடிவம் அழகான கல்தான். அதன் காலத்தையோ சூழலையோ இனி எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது. முறையாக எடுப்பதே எவ்வளவு கடினம் என்பதற்கு அரியலூர் கல்லமேடு சாட்சி. அங்கே கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளை வைத்து 1987இல் யாதகிரியும் அய்யாசாமியும் புருகத்காயோசாரஸ் என்ற டைனோசரை விவரித்தார்கள். கால் எலும்பு ஒன்று மட்டும் 2 மீட்டர் நீளம். அந்த எலும்புகள் நொறுங்கி அழிந்தன. இன்று ஒன்றும் இல்லை. அது எலும்புதானா, கல்மரமா என்ற சந்தேகம்கூட எழுந்தது. 2022இல் வெளியான பழைய களப் புகைப்படங்கள்தான் எலும்பு என்ற கருத்துக்கு வலுச் சேர்த்தன.

எனவே கையில் எடுப்பதற்கு முன் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு பேனாவையோ நாணயத்தையோ வைத்து எடுத்தால் அளவு தெரியும். பிறகு தள்ளிநின்று, மேலும் கீழும் உள்ள அடுக்குகள் தெரிய இன்னொன்று. கைபேசியில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அமிலமோ வினிகரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றிக் கழுவவே வேண்டாம். பாறையும் சுண்ணாம்பு, சிப்பியும் சுண்ணாம்பு, இரண்டும் சேர்ந்தே கரையும். வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்திலோ இந்தியப் புவியியல் ஆய்வு மையத்திலோ அருகிலுள்ள கல்லூரிப் புவியியல் துறையிலோ அந்தப் படங்களைக் காட்டுங்கள்.