ஈ.ஐ.: பிந்திப் போட்டால் கிழமைகள் குறையும்

கனடாவில், ஸ்காபரோவில் வேலை போன ஆட்களுக்கு ஈ.ஐ. (வேலை போனவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் வேலைவாய்ப்புக் காப்புறுதிக் காசு) விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறபோது எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை கிழமைக்குக் காசு வரும்?" என்றுதான். பாதிப் பேர் 45 கிழமை என்று முடிவு கட்டிக்கொண்டே வருகிறார்கள். சட்டம் சொல்வது 14 முதல் 45 வரை. கடைசி 52 கிழமைக்குள் எத்தனை மணித்தியாலம் வேலை செய்தீர்கள், உங்கள் வட்டாரத்தில் வேலையின்மை வீதம் எவ்வளவு என்பதை வைத்துத்தான் உங்கள் எண் வரும். வீதம் 6 அல்லது அதற்குக் கீழே என்றால், வருசம் முழுக்க ஓடி ஓடி உழைத்தவருக்கும் உச்சம் 36 கிழமைதான்.

பெயரில், சின் நம்பரில் (சமூகக் காப்புறுதி இலக்கம்), வங்கிக் கணக்கில் விடும் பிழைகளை விடுவோம். அவற்றைத் திருத்தலாம். காசையே பறிக்கும் பிழைகளைப் பார்ப்போம்.

விண்ணப்பத்தைப் பிந்திப் போடுவது

ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

ஃபக்டரியில் நெடுங்காலம் நின்ற ஒரு அண்ணை. லேஓஃப் கொடுத்தபோது சூப்பர்வைசர் "ரெண்டு கிழமையில கூப்பிடுவம்" என்றாராம். அண்ணை நம்பிக் காத்திருந்தார். அப்புறம் ஆர்.ஓ.ஈ. (செய்த மணித்தியாலங்களைக் காட்டி கொம்பனி கொடுக்கும் வேலைப் பதிவுப் பத்திரம்) வரட்டும் என்று இருந்தார். கூட வேலை செய்தவர் ஒருவர் "வெக்கேஷன் காசு முடியட்டும், பிறகு போடு" என்று புத்தி சொல்லியிருக்கிறார். என்னிடம் வந்தபோது மூன்று மாதம் போய்விட்டது. கையில் மடித்து வைத்திருந்த ஆர்.ஓ.ஈ.யை விரித்து, "இனிப் போடலாம்தானே தம்பி?" என்று கேட்டார்.

போடலாம். ஆனால் அந்த 52 கிழமை, வேலை போன நாளிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுவதில்லை. உரிமைக்கோரல் தொடங்கும் கிழமையிலிருந்துதான் எண்ணுவார்கள். பிந்திப் போட்டால் கோரலும் பிந்தித்தான் தொடங்கும். சும்மா இருந்த 13 கிழமையும் அந்த 52-க்குள் வந்து குந்திக்கொள்ளும். அதே அளவு வேலை நாட்கள் மறுபக்கத்தால் வெளியே போய்விடும். கிழமைக்கு 40 மணித்தியாலம் செய்தவருக்கு 2080 மணித்தியாலம் இருந்திருக்கும். இப்போது எஞ்சுவது 39 கிழமை, 1560 மணித்தியாலம். 1400-க்கு மேலே, உச்சத்தை எட்டும் வரை, ஒவ்வொரு 35 மணித்தியாலமும் ஒரு கிழமைக் காசு. வீதம் 6-க்குள் உள்ள வட்டாரத்தில் 36 கிழமை கிடைக்க வேண்டியவருக்கு 28 தான் வரும். எட்டுக் கிழமை போச்சு. 2025-இல் உச்சத் தொகை கிழமைக்கு 695 டொலராக இருந்தது. அந்தக் கணக்கில் 5560 டொலர். வாடகை கட்டும் குடும்பத்துக்கு இது சின்னக் காசா?

கடைசி வேலை நாளிலிருந்து நாலு கிழமைக்குள் போட்டுவிட வேண்டும். ஆர்.ஓ.ஈ. கையில் வரத் தேவையில்லை. கொம்பனி அதை நேரே ஈ.ஐ.யை நடத்தும் அரசாங்க அலுவலகமான சேர்விஸ் கனடாவுக்கு இணையத்தால் அனுப்பலாம், பெரும்பாலான கொம்பனிகள் அப்படித்தான் செய்கின்றன. செவரன்ஸ் (வேலையால் நிற்பாட்டும்போது கொம்பனி கொடுக்கும் காசு) வந்தாலும் உடனே போடுங்கள். அந்தக் காசால் கொடுப்பனவு தொடங்குவது பிந்தலாம், ஆனால் உங்கள் மணித்தியாலங்கள் பத்திரமாக இருக்கும். கூப்பிடுவார்கள் என்று நம்பினாலும் போடுங்கள்; கூப்பிட்டால் வேலைக்குப் போய், அதை இரண்டு கிழமைக்கு ஒருக்கால் சேர்விஸ் கனடாவுக்குக் கொடுக்கும் அறிக்கையில் சொன்னால் சரி.

பிந்தியவர்கள் கோரலை முன்தேதிக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம். அதற்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும். "எனக்குச் சட்டம் தெரியாது" என்பது மட்டும் போதாது.

எல்லா வேலையையும் எழுதாமல் விடுவது

பகலில் வெயார்ஹவுஸ், சனி ஞாயிறு கிளீனிங் என்று இரண்டு வேலை செய்தவர்கள் கடைசியாகப் போன வேலையை மட்டும் எழுதுகிறார்கள். அந்த 52 கிழமைக்குள் செய்த எல்லாவற்றையும் எழுதுங்கள். ஏஜென்சி மூலம் செய்ததும் சேரும். ஆர்.ஓ.ஈ.யில் ஓவர்டைம் மணித்தியாலம் விடுபட்டிருக்கிறதா என்று பே ஸ்டப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தானாக வேலையை விடுவது

தகுந்த காரணம் இல்லையென்றால் ஒரு சதமும் இல்லை.

இரண்டு கிழமை அறிக்கையை மறப்பது

அறிக்கை இல்லாவிட்டால் காசு இல்லை.

சொல்லாமல் ஊருக்குப் போவது

அம்மாவுக்குக் கடுமை, அல்லது செத்தவீடு என்று போனால் தொடர்ந்து 7 நாள் வரை காசு உண்டு. கொழும்புக்குப் போய்வரும் பயணமே அதில் பெரும் பங்கைத் தின்றுவிடும் என்பது எனக்கும் தெரியும். அதற்கு மேல் நிற்கும் நாட்களுக்குக் காசு இல்லை. கோயில் திருவிழா, கலியாணம் என்று போனால் அந்த 7 நாளும் இல்லை. ஆனால் போகவே கூடாது என்றில்லை. அறிக்கையில் "கனடாவுக்கு வெளியே இருந்தீர்களா?" என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதுங்கள். வாங்காத கிழமைகள் கணக்கில் அப்படியே இருக்கும். திரும்பி வந்து வாங்கலாம். ஆனால் வழமையாக எல்லாவற்றையும் கோரல் தொடங்கி 52 கிழமைக்குள் வாங்கி முடித்துவிட வேண்டும்.

இல்லை என்று எழுதினால் பிடிபடுவீர்கள். எல்லையில் கொடுக்கும் விபரத்தை ஈ.ஐ. கோப்போடு ஒப்பிடுவது செல்லும் என்று 2001-இலேயே கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வாங்கிய காசைத் திருப்பிக் கட்ட வேண்டும், மேலே தண்டமும் வரும். ஏற்கெனவே பிழையாக எழுதியிருந்தால், சேர்விஸ் கனடா விசாரணையைத் தொடங்க முன்னம் நீங்களே அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னால் தண்டம் இல்லாமல் வாங்கிய காசை மட்டும் கட்டித் தப்பலாம்.