பாரிஸ் வேட்டை அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளோடு செல்வோருக்கு

பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரிலிருந்து பாரிஸ் செல்லும் குடும்பத்தினர், லூவ்ர் கூட்டத்தில் களைத்துப்போன மறுநாள், மாரே பகுதியிலுள்ள வேட்டை மற்றும் இயற்கை அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கலாம். திங்கட்கிழமைகளில் அது திறந்திருக்காது. 1967இல் தொடங்கப்பட்ட இது 17ஆம் நூற்றாண்டு மாளிகையொன்றில் இயங்குவதால், யாரோ ஒரு செல்வந்தரின் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட உணர்வையே தருகிறது.

ஜூ நெகாராவில் கரடியைத் தூரத்தில் நின்று பார்த்துப் பழகிய எங்கள் மகள், பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கும் பாடம் செய்யப்பட்ட பனிக்கரடியின் முன் வாயடைத்து நின்றாள். ஆயினும் பிள்ளைகளுக்கு உண்மையான விருந்து மர அலமாரிகளின் இழுப்பறைகளே. காட்டுப்பன்றிக்கும் ஓநாய்க்கும் தனித்தனி அலமாரிகள் உள்ளன. அவற்றின் இழுப்பறைகளைத் திறந்தால் அந்த விலங்கின் காலடித் தடமும், எச்சத்தின் வார்ப்பும்கூடத் தென்படும். எதையும் தொடாதே என்று சொல்லிச் சொல்லியே வளர்த்த நாம்தாம், இங்கே இழுத்துப் பார் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

துப்பாக்கிகளும் கொம்புத் தலைகளும் நிறைந்த அறையில், சுவரில் மாட்டியுள்ள வெள்ளைக் காட்டுப்பன்றித் தலை திடீரென வாயசைத்துப் பேசும் என்பதைச் சிறு குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் இளையவன் அதன்பின் வெளியே வரும்வரை என் கோட்டு நுனியை விடவேயில்லை.